நின்றுபோகும் இயந்திரம்



வடக்கு, கிழக்குக் கரைகளிலிருந்து இன்று கண்ணாடியிழைப் படகுகள் பல தொழிலுக்குச் செல்கின்றன. அவற்றின் பின்புறத்திற் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரம் நடுக்கடலில் நின்றுவிடுமாயின், படகு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வசப்பட்டுவிடும். பாக்குநீரிணை போன்ற ஒடுங்கிய கடலிலே அது எல்லை கடந்து செல்லவுங்கூடும். ஆதலால் இயந்திரம் நிற்பதற்குரிய காரணத்தைக் கரையிலேயே கண்டறிதல் உயிர் காக்கும் அறிவாகும்.

இயந்திரம் நின்றவுடன் பிளக்கைக் கழற்றுவதும் காபரேட்டரைப் பிரிப்பதும் பலருடைய வழக்கம். அதற்கு முன்னர் ஒரு கேள்வி கேட்டல் வேண்டும்: அது எப்பொழுது, எவ்வாறு நின்றது?

சில நிமிடங்கள் நன்றாக ஓடிப் பின்னர் வலுவிழந்து நின்றால், எரிபொருள் சரிவர வரவில்லை என்று ஐயுறலாம். குழாயின் நடுவேயுள்ள இறப்பர்க் குமிழைப் பாருங்கள். அது சப்பளிந்து கிடந்தால் தடை தாங்கியின் பக்கத்திலே உள்ளது. தாங்கி மூடியின் காற்றுத் திருகு இறுக மூடியிருப்பின், எண்ணெய் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, எண்ணெய் வெளிவருவது தடைப்படும். திருகைத் தளர்த்தியதும் குமிழ் நிமிர்ந்தால் காரணம் அதுவே. நிமிராவிடில் தாங்கியினுள் இருக்கும் வடிகட்டியைச் சோதியுங்கள். குமிழைக் கையால் அமுக்கும்போது மட்டும் இயந்திரம் ஓடுமாயின், எரிபொருட் பம்பியின் மெல்லிய சவ்வு பழுதாகியிருக்கலாம். அல்லது குழாயின் இணைப்பொன்றிற் காற்றுப் புகுந்திருக்கலாம்.

விக்கி விக்கி ஓடி நின்றால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். தாங்கியின் அடியிலிருந்து சிறிதளவைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துச் சற்று நேரம் வையுங்கள். எண்ணெயிலும் கனமான தண்ணீர் அடியிலே பிரிந்து நிற்கும்.

வேகத்தில் ஓடி, மெதுவாக்கியதும் நின்றால், காபரேட்டரின் நுண்துளை அடைபட்டிருக்கலாம். மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நெடுநேரம் மெதுவாக ஓடவிட்டால் பிளக் கரிபிடித்து நிற்பதும் உண்டு.

சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் உயிர்பெறுமாயின், மின்பொறிக்கு வலுவூட்டும் சுருளைச் சந்தேகியுங்கள். சூடு ஆறுமுன்னரே பிளக்கிற் பொறி தோன்றுகிறதா என்று பார்ப்பதே இதற்குச் சோதனை. அவ்வேளை அருகில் எண்ணெய் சிந்தியிருத்தல் ஆகாது. ஓடும்போது குளிர்நீர் பீச்சி வருகிறதா என்பதையும் கவனியுங்கள். வராவிடில் மணலோ சாதாழையோ நீர்வழியை அடைத்திருக்கலாம். இயந்திரத்தை உடனே நிறுத்துங்கள்.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பாருங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணம் தந்தது என்பது தெரியாது. அடுத்த முறை இருளிலும் அலையிலும் மீண்டும் தேட நேரும். எவ்வளவு சோதித்தபோதிலும், மாற்றுப் பிளக்கும் அதன் சாவியும் துடுப்பும் நங்கூரமும் இன்றிக் கடலுக்குச் செல்லாதீர்கள்.