நான்கு பற்றரிகள்

நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் ஜப்பானில் வெளியிட்ட ‘கேம் போய்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு வண்ணத் திரையில்லை, பின்னொளியுமில்லை. ஆதலால் நான்கு சிறு பற்றரிகளில் அது பல மணி நேரம் இயங்கிற்று. 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய டெட்ரிஸ் அதனாலேயே பெரும்புகழ் பெற்றது.

வன்னியிலோ அந்த நான்கு பற்றரிகளே கிடைத்தற்கரியன. 1990களின் பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடுக்கப்பட்ட பொருள், மின்சாரமும் இல்லை. வானொலி கேட்க விரும்பியோர் துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவினின்று மின்சாரம் பெற்றனர். முள்ளிவாய்க்காலில் வீடுகளிலிருந்த தட்டுமுட்டும் 2009இல் போரோடு அழிந்தன.

பழங்கருவி இல்லாமலே அதன் ஆட்டத்தை ஆட இன்று வழியுண்டு. எமுலேற்றர் என்னும் மென்பொருளை வேடதாரி எனலாம். பழைய செயலி செய்த வேலைகளைப் புதிய கருவியில் நின்று அது செய்து காட்டும். பழைய நிரலோ தன் சொந்த வீட்டிலிருப்பதாகவே எண்ணிக்கொள்ளும். (உரிமையாளர் அனுமதியின்றி நிரலைப் பிரதிசெய்து பரப்புவது வேறு வழக்கு.) சில ஆட்டப் பேழைகளில் ஆடியவரை காத்துவைத்தது ஒரு பொத்தான் பற்றரி, அது தீர்ந்தால் அந்நினைவும் போய்விடும். எமுலேற்றரில் அக்கவலையுமில்லை. அன்று சிறுவராயிருந்து டைனமோவைச் சுழற்றியவர், இன்று நடுவயதில், கைத்தொலைபேசியிலேயே அக்கட்டைகளை முதன்முறையாக அடுக்கிப் பார்க்கலாம்.