சிறிய பற்றரியும் புதிய திறப்பும்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் பேச வந்தால் சீனி வருத்தம், பிறஷர் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நான் இன்று திறப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். அலுமாரித் திறப்பு அல்ல. கருவிகள் தங்களுக்குள் இரகசியமாகப் பேசுவதற்கு வைத்திருக்கும், எண்களால் ஆன திறப்பு.

இதற்குக் காரணம் எங்கள் மூதூரைச் சேர்ந்த ஓர் அம்மா. எருமைத் தயிர் போட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார். ஒரு நாள் கிளினிக்கில் என்னிடம் கேட்டார்: "மகள், இந்த மாதிரிச் சாமான் இப்ப போனோட கதைக்குமாம் எண்டு பேரன் சொல்றான். அப்ப வேற ஆக்களும் இதோட கதைக்க ஏலாதா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகுதான் சொன்னேன்.

அவருடைய பயம் வெறும் கற்பனை அல்ல. 2008 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி ஒன்றை ஆய்வுகூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். அதன் வானொலிப் பேச்சுக்குப் பூட்டே இருக்கவில்லை. சில சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து அவர்களால் தகவலை வாசிக்கவும் கட்டளை கொடுக்கவும் முடிந்தது. 2017 இல் அமெரிக்காவில் சுமார் 465,000 பேஸ்மேக்கர்களுக்கு மென்பொருளைப் புதுப்பிக்கும்படி அறிவித்தார்கள். அவற்றில் இருந்த குறையால், அருகில் நிற்கும் ஒருவர் துடிப்பை மாற்றலாம் அல்லது பற்றரியை வேகமாக இறக்கிவிடலாம் என்பதே காரணம். யாருக்கும் தீங்கு நடந்ததாகத் தகவல் இல்லை. நோயாளி கிளினிக்குக்கு வந்தால் மூன்று நிமிட வேலை.

"நல்ல பூட்டாகப் போட்டால் முடிந்தது தானே?" என்று கேட்பீர்கள். பேஸ்மேக்கரின் பற்றரியை சார்ஜ் பண்ண முடியாது. அது முடிந்தால் திரும்பவும் வெட்டித்தான் கருவியை மாற்றவேண்டும். ஆகவே பாதுகாப்புக்காக வீணாகும் ஒவ்வொரு துளி மின்சாரமும் நோயாளியை அடுத்த சத்திரசிகிச்சைக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோகிறது.

என் வயதுக்காரருக்கு இது இலகுவாக விளங்கும். இங்கே சாதாரண தரம் முடித்து, உயர்தர விஞ்ஞானம் படிக்க நான் லோஞ்சில் திருகோணமலைக்குப் போய்வந்த காலம் யுத்தகாலம். ஒவ்வொரு பயணத்திலும் வரிசை, அடையாள அட்டை, பையைக் கொட்டிக் காட்டுதல். பாதி நாள் அதிலேயே போய்விடும். ஒரு தடவை முழுதாகச் சோதித்துவிட்டு, "அடுத்தமுறை இதைக் காட்டு" என்று ஒரு துண்டு தந்திருந்தால் எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்!

கருவிகளும் அப்படித்தான். முதன்முதல் சந்திக்கும்போது சான்றிதழ் காட்டி, பெரிய கணக்குகள் செய்து, ஒரு பொதுத் திறப்பை உண்டாக்குகின்றன. கணக்கும் வானொலியும் பற்றரியைத் தின்னும். அடுத்த சந்திப்பில் முன்பு பெற்ற துண்டைக் காட்டினால் போதும். இணையத்தில் வங்கிக் கணக்கைக் காக்கும் டிஎல்எஸ் முறையின் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தத் துண்டு கூடியது ஏழு நாட்களுக்கே செல்லும்.

இனி, ஒரே திறப்பை எப்போதும் வைத்திருக்கக் கூடாது. களவு போனால் எல்லாமே போய்விடும். அதிகம் பாவித்தால் பூட்டின் பலமும் குறையும். அதனால் இருக்கும் திறப்பிலிருந்தே அடுத்த திறப்பைக் கணக்கிட்டு எடுக்கிறார்கள். இதற்கு மின்சாரம் மிகக் குறைவு. சிறு கருவிகளுக்கும் பொருந்தும் டிடிஎல்எஸ் முறையின் 2022 ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு கவனமும் உண்டு: "மாற்றம் கிடைத்தது" என்று மறுபக்கம் சொல்லும்வரை, அனுப்புபவர் புதிய திறப்பைப் பாவிக்கமாட்டார். வழியில் செய்தி தொலைந்தாலும் பேச்சு அறாது.

இதை அந்த அம்மாவுக்கு விளக்கியபோது அவர் சிரித்தார். "இது உறை மாதிரித்தானே மகள். நேத்தைய தயிர்ல இண்டைக்கு உறை குத்துறம். ஆனா உறை பழுதாப் போனா பிறகு போடுற சட்டியெல்லாம் பழுது. அப்ப வேற வீட்டுல புது உறை வாங்கவேணும்."

பொறியியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதும் இதைத்தான். புதிய திறப்பை வைத்துப் பழையதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே நேற்றைய பேச்சுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஒருவர் பழைய திறப்பைக் களவெடுத்தால், அதிலிருந்து பிறக்கும் எல்லாவற்றையும் அவரும் கணக்கிடுவார். ஆகவே சின்னப் புதுப்பித்தலை அடிக்கடி செய்யவேண்டும். இடைக்கிடை முற்றிலும் புதிய திறப்பையும் உண்டாக்கவேண்டும். அந்தப் பெரிய வேலையின் செலவைக் குறைப்பதில்தான் இப்போதைய முயற்சி இருக்கிறது. 2024 இல் வெளியான எடொக் என்ற முறை, மூன்றே செய்திகளில், சிக்கனமான அமைப்பில் மொத்தம் 101 பைட்டில் அதை முடிக்கிறது. ஒரு சின்ன எஸ்எம்எஸ் அளவுதான்.

உடலில் வைக்கும் கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள் வெவ்வேறு முறைகளைப் பாவிக்கலாம். கணக்கு ஒன்றுதான்: பாதுகாப்பு வேண்டும் என்று பற்றரியைக் கொல்லவும் கூடாது, பற்றரியைக் காக்கிறோம் என்று பூட்டாமல் விடவும் கூடாது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் மென்பொருள் எழுதும் சகோதரிகளே, நீங்கள் எழுதும் ஒரு வரி, நீங்கள் ஒருபோதும் காணாத ஓர் அம்மாவின் நெஞ்சுக்குள் ஓடலாம். உங்கள் மேசையில் மின்சாரம் தாராளம், அங்கே இல்லை. என்னைப் போன்ற வைத்தியர்களே, கருவி வாங்கும்போது விலையோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: திறப்பு எப்படிப் புதுப்பிக்கப்படும்? குறை கண்டால் எத்தனை வருடத்துக்குத் திருத்தித் தருவீர்கள்? தங்கைமாரே, கணித பாடத்தில் பகா எண் வரும்போது "இது எதற்கு?" என்று கேட்காதீர்கள். இப்படியான பூட்டுகள் அதிலிருந்துதான் வருகின்றன.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "மற்ற ஆக்கள் கதைக்க ஏலாமல் செய்ய வழி இருக்கம்மா. நீங்கள் கிளினிக்கை மட்டும் தவறவிடாதீங்க. புதுப்பிக்க வரச்சொன்னா உடனே வாங்க."

அவர் ஒரு தவணையையும் தவறவிட்டதில்லை. வரும்போது ஒரு சட்டித் தயிரும் வரும்.