அக்கரையில் தொடங்கிய மருத்துவப் பணி



கடலே இல்லாத தேனியில் கூடிக்கொண்டு யாழ்ப்பாணக் கரையோரத்தின் மருத்துவ மிஷனைப் பற்றி ஏன் பேச வேண்டும்? 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்துதான் வந்தது. ஹோய்சிங்டன், டாட் என்னும் போதகர்களோடு அங்கிருந்த தமிழ் ஊழியர்களும் பாக் நீரிணையைக் கடந்தார்கள். பிற்பாடு பெரியகுளத்திலும் வத்தலக்குண்டிலும் நிலையம் அமைத்தது அதே மிஷன். நம் வரலாற்றின் முதல் ஏடுகளை அக்கரையில்தான் தேட வேண்டும்.

1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய ஜான் ஸ்கடரைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. அதே மிஷனின் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீனைப் பற்றி இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர், மறு ஆண்டே மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். மானிப்பாய் அவருடைய தலமாயிற்று. பாடம் முதலில் ஆங்கிலத்தில். படித்துத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்துக்கும் பட்டணத்துக்கும் போய்விட, கிராமங்கள் வைத்தியரில்லாமலே கிடந்தன. கிறீன் மனம் சோரவில்லை. 1864 முதல் பாடத்தைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு நூல் வேண்டுமே! மாணவர்களோடு உட்கார்ந்து உடற்கூறும் பிரசவ வைத்தியமும் வேதியியலும் தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’ 1867இல் வந்தது. ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தைக் காலராவும் வாட்டியது. ஊரிலேயே தங்கும் வைத்தியரை ஊர் மொழியில்தான் உருவாக்க முடியும் என்று அவர் கண்டது சரி என்பதே என் துணிபு. மருத்துவக் கல்வியில் நாம் இன்றுவரை அந்த அளவுக்குத் துணியவில்லை.

நம் பக்கத்துக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தம்மவரைப் பறிகொடுத்த மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். பெரியகுளத்திலிருந்து செங்குத்தான மலைப்பாதையில் அவர்களை டோலியில் சுமந்து ஏறியவர்கள் கூலியாட்கள். அந்தக் கூலியாட்களுக்குக் காய்ச்சல் கண்டால் போய்த் தங்க மலையில் வீடு ஏது? மிஷனரிகளின் தியாகம் மெய். சுமந்தவர்களை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதினால் அது அரை வரலாறுதான். மதுரையில் ஃபிராங்க் வான் ஆலன் 1890களில் எழுப்பிய மருத்துவமனைக்கு உள்ளூர் இந்துப் பெருமக்களே அள்ளிக் கொடுத்தார்கள் என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.

எனவே இந்தக் கருத்தரங்கில் கூடியிருப்போரிடம் ஒன்று கேட்கிறேன். பெரியகுளம், போடி, உத்தமபாளையம், கம்பம் சபைகளின் பழைய அடக்கப் பதிவேடுகளைப் பாருங்கள். எந்த ஆண்டில், எந்தத் தெருவில் சாவு அடுக்கடுக்காக விழுந்தது என்பதை அவை காட்டும். உங்கள் பாட்டனார் மிஷன் மருந்தகத்தில் கம்பவுண்டராகவோ, பாட்டி மருத்துவச்சியாகவோ இருந்திருந்தால் பரணில் கிடக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். மருந்துக் குறிப்பு எழுதிய நோட்டு ஒன்று அகப்பட்டாலும் போதும், கரையான் அரிப்பதற்குள் எங்களிடம் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு உங்களிடமே திருப்பித் தருகிறோம்.