கபர் வரை தொடரும் கடன்

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மனித குலத்தின் முதல் கொலை நடந்தபோது, கொன்றவனுக்கு ஒன்று தெரியவில்லை. தன் சகோதரனின் உடலை என்ன செய்வது? ஒரு காகம் மண்ணைக் கிளறிக் காட்டியது. அல்மாயிதா அத்தியாயத்தில் (5:31) இந்தச் சம்பவத்தை அல்லாஹ் நமக்குச் சொல்கிறான். உயிர் போன பின்னும் உடலுக்கு மானம் உண்டு. அந்த மானத்தைக் காப்பது உயிரோடு இருப்பவர் மீது கடன்.

அதனால்தான் மய்யித்தைக் குளிப்பாட்டுவது, கஃபனிடுவது, தொழுவிப்பது, அடக்கம் செய்வது ஆகிய நான்கையும் மார்க்கம் ஃபர்ளு கிஃபாயா ஆக்கியது. சிலர் செய்தால் ஊரார் அனைவரின் கடமையும் தீரும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி.

இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் சிந்தித்துப் பாருங்கள். ஆணுக்கு மூன்று துணி, பெண்ணுக்கு ஐந்து துணி. கோடீஸ்வரனுக்கும் அதுதான், கூலிக்காரனுக்கும் அதுதான். பள்ளிவாசலில் உள்ள ஒரே சந்தூக்கில்தான் முத்தவல்லியும் போகிறார், மூட்டை தூக்கியவரும் போகிறார். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) உஹதில் ஷஹீதானபோது இருந்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைத் துணியால் மூடி, கால்களை இத்கிர் புல்லால் மறைத்து அடக்கினார்கள். அவர் விட்டு வந்த செல்வம் எங்கே? அவர் அடைந்த மதிப்பு எங்கே?

சகோதரர்களே! இந்த உரிமையைப் பறித்தால் ஒரு சமுதாயத்துக்கு என்ன நேரும் என்பதை, நம் மொழி பேசும் இலங்கை முஸ்லிம்கள் அனுபவித்துவிட்டார்கள்.

கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. ஆனால் இலங்கை அரசு 2020 ஏப்ரல் 11ல் வர்த்தமானி அறிவிப்பு வெளியிட்டு எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். உச்ச நீதிமன்றம் சென்ற மனுக்கள் 2020 டிசம்பர் 1ல் தள்ளுபடியாயின. அதே மாதம் பிறந்து 20 நாள்களே ஆன ஒரு பச்சிளம் குழந்தையும் எரிக்கப்பட்டது. குளிப்பாட்டல் இல்லை, கஃபன் இல்லை. கொழும்பு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, மற்ற சமயத்தாரும் வந்து கட்டினார்கள்.

உள்ளும் வெளியும் எழுந்த எதிர்ப்பால் 2021 பிப்ரவரி 25ல் தடை நீங்கியது. மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில், முஸ்லிம்கள் அளித்த நிலத்தில், மார்ச் 5ல் அடக்கம் தொடங்கியது. அந்த மண்ணில் 3,600க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். அவர்களில் பௌத்தர், இந்து, கிறித்தவர் ஆகியோரும் உண்டு. தன் மய்யித்தை அடக்க அனுமதி கேட்டு அழுத சமுதாயம், பிறர் உடலுக்கும் இடம் கொடுத்தது! 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை முஸ்லிம்களிடம் மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்பது அரசே சொன்ன கணக்கு. மன்னிப்பு வந்தது. ஆனால் ஸலாம் சொல்லப் போக அந்தக் குடும்பங்களுக்குக் கபர் ஏது?

அங்கே பறித்தது அரசு. இங்கே நம்மை யாரும் தடுக்கவில்லை. நாம் அந்தக் கடனை ஒழுங்காகச் செலுத்துகிறோமா? இதுதான் என் கேள்வி.

இளைஞர்களே! உங்களில் எத்தனை பேருக்கு மய்யித்தைக் குளிப்பாட்டத் தெரியும்? வாப்பா மவுத்தானால் மோதினாரைத் தேடி ஓடுகிறோம். மகன் வாசலில் நின்று செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறான். கொரோனா காலத்தில் தமிழகத்தில் நம் சமுதாய இளைஞர்கள் கவச உடை அணிந்து, சாதி மதம் பாராமல் உடல்களைச் சுமந்தார்கள். பிறருக்குச் செய்ய முடிந்த நம்மால் பெற்றவருக்குச் செய்ய முடியாதா? ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே இதைக் கற்றுக் கொடுங்கள்.

வணிகப் பெருமக்களே! ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) கேட்டார்கள். மூன்று தீனார் உண்டு என்றதும் தாம் தொழுவிக்கவில்லை. அபூ கதாதா (ரலி) அதை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள். மூன்று தீனாருக்கே இந்த நிலை! உங்கள் கொடுக்கல் வாங்கல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது? உங்கள் மனைவி மக்களுக்குத் தெரியுமா? ஜனாஸா தொழுகைக்கு முன் வாரிசுகள் எழுந்து, கடன் பாக்கி இருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று சொல்கிறார்களே, அது வெறும் சடங்காக ஆகிவிடக்கூடாது.

மூத்தா போரில் ஜஃபர் (ரலி) ஷஹீதானபோது, அவர் வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுக்கும்படி நபி (ஸல்) சொன்னார்கள். நாம் என்ன செய்கிறோம்? மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் என்று துக்க வீட்டாரைக் கடன் வாங்க வைத்துப் பிரியாணி சாப்பிடுகிறோம். இத்தா இருக்கும் விதவை நான்கு மாதம் பத்து நாள் எப்படிச் சாப்பிடுவாள் என்று எந்த ஜமாஅத் விசாரிக்கிறது? நாற்பதாம் நாள் விருந்துக்கு ஆகும் பணத்தை அவள் கையில் கொடுங்கள்.

கபர்ஸ்தான் நிலமும் உங்கள் பொறுப்புதான். தலைமுறைகளாக அடக்கம் நடக்கிறது என்பது மட்டும் இனிப் போதாது. 2025ல் வந்த வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டை வைத்தே வக்ஃபாகக் கருதும் ஏற்பாட்டை இனி வரும் வக்ஃபுகளுக்கு இல்லாமல் செய்துவிட்டது. உங்கள் ஊர்க் கபர்ஸ்தானின் சர்வே எண் என்ன? பட்டா யார் பெயரில் இருக்கிறது? வக்ஃபு வாரியத்தில் பதிவாகியுள்ளதா? நாளைக்கே ஜமாஅத்தில் கேளுங்கள்.

பள்ளிவாசலைப் பெருக்கிக் கொண்டிருந்த ஓர் ஏழைப் பெண்மணி இறந்தார். சாதாரணமாக எண்ணி இரவோடு இரவாக அடக்கிவிட்டார்கள். நபி (ஸல்) விசாரித்தறிந்து, எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு, அவருடைய கபருக்கே சென்று தொழுதார்கள். உங்கள் தெருவில் நாதியற்ற ஒருவர் மவுத்தானால் கடையை ஒரு மணி நேரம் மூடுங்கள். சந்தூக்குக்குத் தோள் கொடுங்கள்.

நாளை நம்மைச் சுமக்கவும் தோள்கள் வேண்டும், சகோதரர்களே! வல்ல அல்லாஹ் நம் முடிவை ஈமானுடைய முடிவாக ஆக்கி அருள்வானாக. வஸ்ஸலாம்.