செல்லுக்கு ஒரு ஆன்டெனா
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



திட்டக்குடியில் வீட்டுக்கு வீடு மாடியில் ஆன்டெனா நின்ற காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். காற்றில் திரும்பிவிட்டால் படம் போச்சு! நம் உடம்பின் பெரும்பாலான செல்களிலும் இப்படி ஒற்றை ஆன்டெனா உண்டு. முதன்மைக் குற்றிழை என்று பெயர். 1898-இல் சிம்மர்மன் விவரித்த இதை, வெகுகாலம் உபயோகமில்லாத மிச்சம் என்றே ஒதுக்கி வைத்தார்கள். செல்லை வளரச் சொல்லும் 'ஹெட்ஜ்ஹாக்' சமிக்ஞைக்கு இது அவசியம் என்பது 2003-இல்தான் சுண்டெலிகளில் தெரிந்தது.

அந்தச் சமிக்ஞை ஓயாமல் வந்தால் ஒருவகைத் தோல் புற்றுநோய் உண்டாகிறது. அதை அடக்கும் விஸ்மோடெகிப் மருந்துக்கு 2012-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

அப்படின்னா குற்றிழையையே நீக்கிவிட்டால் என்ன? எஞ்சினியர் புத்தி அப்படித்தானே கேட்கும்! 2009-இல் சுண்டெலிகளில் செய்து பார்த்தார்கள். சமிக்ஞைப் பாதையின் முன்பகுதியில் பழுது என்றால் கட்டி அடங்கியது. பின்பகுதியில் பழுது என்றால் கட்டி வேகமாக வளர்ந்தது. ஒன்றில் ஆக்ஸிலேட்டர், இன்னொன்றில் பிரேக்!

விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியில் விரிசல் கண்டால், மண்ணில் கோளாறா, சூளையில் கோளாறா என்று பார்த்த பிறகுதானே கை வைக்கிறோம்? புற்றுநோய்க்கும் அதே கதைதான். பக்கத்துவீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து நமக்கும் கேட்கும் என்று இருந்துவிடாதீர்கள். பழுது எங்கே என்று டாக்டரிடம் கேளுங்கள்.