துண்டுப்பிரசுரத்துக்குப் பயந்த அரசாங்கம்

(தோப்பூரில் நடந்த கூட்டத்தில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



 

"சாமியாருக்கு எதுக்குங்க அரசியல்? பூசையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே" என்று லயத்திலும் கேட்கிறார்கள், கடைத்தெருவிலும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு நமது நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களுடன் ஒரு அரசாங்கம் வந்தது. 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கியது. அடுத்து, பொதுத் தேர்தலே வைக்காமல் பாராளுமன்றத்தை இன்னும் ஆறு வருடம் நீடிக்க, 1982 டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தது. விளக்குக்குப் போட்டால் நீடிப்பு, பானைக்குப் போட்டால் தேர்தல். தோட்டத்தில் பிறந்த நம்மவர்களில் லட்சக்கணக்கானோருக்கு அன்று விளக்கும் இல்லை, பானையும் இல்லை. 1948இல் பறித்த குடியுரிமை அவர்களுக்குத் திரும்பி வந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் பேசியவர்களில் பௌத்த பிக்குகளும் கிறிஸ்தவக் குருமாரும் சேர்ந்த 'பவிதி ஹண்ட' என்ற அமைப்பும் ஒன்று. குருமாரின் குரல் என்று அர்த்தம். நீடிப்பு வேண்டாம் என்று துண்டுப்பிரசுரம் அச்சடித்தார்கள். கம்பஹாவில் அச்சகத்துக்குள் பொலிஸ் புகுந்து 20,000 பிரசுரங்களை அள்ளிக்கொண்டு போனது. அமைப்பின் செயலாளர் ரத்னசார தேரர் உயர் நீதிமன்றம் போனார். பேச்சுரிமை மீறப்பட்டது என்று 1983 பெப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பொலிஸ் அத்தியட்சகர் 10,000 ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றார்கள் நீதியரசர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அரசாங்கம் அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. நட்டஈட்டையும் பொதுப் பணத்தில் கட்டியது. தப்புச் செய்த கங்காணிக்குத் துரை சம்பளம் கூட்டிக் கொடுத்தால், மற்றக் கங்காணிமார் என்ன பாடம் படிப்பார்கள்? சில மாதத்தில் 1983 ஜூலை வந்தது. தோட்டங்களிலும் லயங்கள் எரிந்தன.

அப்போதும் ஒரு குரல் எழுந்தது. சிவில் உரிமைகள் இயக்கத்தில் முன்னின்ற குருநாகல் அங்கிலிக்கன் பேராயர் லக்ஷ்மன் விக்ரமசிங்க ஒரு சிங்களவர். நடந்ததற்குச் சிங்கள மக்கள் வெட்கப்பட வேண்டும் என்று சொந்தச் சபையாரிடமே சொன்னார். அடுத்தவனைக் குறை சொல்வது சுலபம். தன் சபையைப் பார்த்து இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும். அந்த வருட ஒக்டோபரிலேயே அவர் காலமானார்.

கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நிக்கலஸ் ஆலயத்தில் திங்கட்கிழமை தோறும் ஜெபம் நடந்தது. 1989 ஒக்டோபர் 9ஆம் திகதி ஜெபம் முடிந்து சுமார் 70,000 பேர் வீதியில் நடந்தார்கள். ஆயுதத்தோடு நின்ற படை சுடவில்லை. சரியாக ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

தோழர்களே, குருமாரை நம்பி நாம் சும்மா இருக்கலாம் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. எல்லாக் கோயிலும், பள்ளிவாசலும், தேவாலயமும், பன்சலையும் பேசுவதில்லை. அதிகாரத்துக்கு மாலை போட்டவையும் உண்டு. ஆனால் பிக்குவும் பாதிரியாரும் ஒரே தாளில் பெயர் போட்டபோது அரசாங்கம் பயந்தது. 2006 ஆகஸ்டில் இந்தப் பகுதி மக்கள் கந்தளாய்க்கு ஓடியது உங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கத்துத் துப்பாக்கி பேசினாலும் ஓடுவது ஏழைகள்தான். பிரிந்திருந்தால் தனித்தனியாகத்தான் ஓடுவோம்.

ஆகவே மூன்று காரியம். நமது பிரசுரத்தையோ கூட்டத்தையோ தடுத்தால், நாள், நேரம், அதிகாரியின் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. மூன்றாவது, அடுத்த வீட்டுக்காரரின் பிரசுரத்தைப் பறிக்கும்போதே குரல் கொடுங்கள். நமது தாளைப் பறிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.