ஒரே தண்டவாளம், இரண்டு நாடுகள்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆப்பிரிக்கச் சுரங்கங்களில் வேலை வாங்கித் தருவதாக ஓர் ஏஜெண்ட் நம் லைன் வீடுகளில் சுற்றி வருகிறார். "சாம்பியா வேண்டாம், போட்ஸ்வானா போங்கள். தலைக்கு வருமானம் அங்கே பல மடங்கு" என்கிறாராம். நம் பிள்ளைகள் சிலர் பாஸ்போர்ட்டும் கையுமாக நிற்கிறார்கள். ஆகவே இந்த இரண்டு நாடுகளின் கதையைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நாங்கள் ரயில்வேக்காரர்கள், ரயிலிலிருந்தே தொடங்குகிறோம். தென்னாப்பிரிக்காவிலிருந்து வடக்கே போட்ட பாதை, இன்றைய போட்ஸ்வானா வழியாக 1897இல் புலவாயோவை அடைந்தது. 1905இல் விக்டோரியா அருவிப் பாலத்தைத் தாண்டிச் சாம்பியாவுக்குள் நுழைந்தது. ஒரே தண்டவாளம், இரண்டு நாடுகளுக்கும் ஒரே வெள்ளைக்கார எஜமான்.

1964இல் சாம்பியா விடுதலை பெற்றபோது அது செம்பு விளையும் பூமி. 1966இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவிலோ தார்ச் சாலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆண்கள் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். பெண்கள் மாட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். அந்த வாழ்க்கையை நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பிறகு எப்படித் தலைகீழாயிற்று?

1967இல் போட்ஸ்வானாவின் ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. அது ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தாரின் பூமி. ஆனாலும் கனிமம் நாட்டுக்கே சொந்தம் என்று சட்டம் செய்தார்கள். வைரக் கம்பெனியில் அரசின் பங்கு முதலில் 15 சதவீதம். 1975இல் மறுபடியும் பேசி அதைப் பாதியாக்கினார்கள். வந்த பணம் சாலையாக, பள்ளியாக, ஆஸ்பத்திரியாக மாறியது. 1996இல் முதியோர் எல்லோருக்கும் பென்ஷன் வந்தது.

சாம்பியாவும் சும்மா இருக்கவில்லை. கென்னத் கவுண்டா 1969இல் செம்புச் சுரங்கங்களில் 51 சதவீதம் அரசுக்கு என்றார். ஆனால் 1970களின் நடுவில் செம்பு விலை சரிந்தது, கடன் ஏறியது. அண்டை நாட்டு விடுதலைப் போராளிகளுக்கு இடம் கொடுத்ததற்கும் சாம்பியா விலை கொடுத்தது. ரொடீசியா 1973இல் எல்லையை மூடியது. அந்த வழியை நம்பியிருக்க முடியாமல்தான் சீன உதவியோடு தார்-எஸ்-சலாமுக்கு 1,860 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1986 டிசம்பரில் சோள மாவு விலையை ஏற்றியதும் சுரங்க ஊர்களில் கலவரம் வெடித்தது.

1991 தேர்தலில் கவுண்டா தோற்றார். வென்றவர் யார்? தொழிற்சங்கத் தலைவர் பிரெடெரிக் சிலூபா! நம்மவர் வந்தார் என்று தொழிலாளர்கள் மகிழ்ந்தார்கள். அவர் ஆட்சியில்தான் சுரங்கங்கள் தனியாருக்கு விற்கப்பட்டன. 2000இல் விற்பனை முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். தலைவன் தொழிலாளியாக இருந்தவன் என்பது மட்டும் போதாது, தோழர்களே! அவன் கையெழுத்தைக் கண்காணிக்கும் சங்கமும் வேண்டும்.

அப்படியானால் போட்ஸ்வானா சொர்க்கமா? அவசரப்பட வேண்டாம். 2000ஆம் ஆண்டு வாக்கில் வயது வந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எய்ட்ஸ் கிருமி. வைரப் பணம் இருந்தும் வீடு வீடாகச் சாவு விழுந்தது. 2002 முதல் அரசே இலவசமாக மருந்து கொடுத்த பிறகுதான் உயிர்கள் மிஞ்சின. இன்றும் உலகிலேயே ஏழை பணக்காரன் இடைவெளி மிகுந்த நாடுகளில் அது ஒன்று. வேலையில்லாத் திண்டாட்டமும் கடுமை. வைர வியாபாரம் படுத்த நிலையில், 2024 தேர்தலில் 58 ஆண்டுகள் ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 2020இல் கடன் தவணை கட்ட முடியாமல் நின்ற அதே சாம்பியாவோ, 2022 முதல் உயர்நிலைப் பள்ளி வரை கட்டணமில்லாமல் படிக்க வைக்கிறது.

'தலைக்கு வருமானம்' என்ற கணக்கை இப்போது பாருங்கள். ஏசி முதல் வகுப்புப் பெட்டியில் இருபது பேர். ஜெனரல் பெட்டியில் இருநூறு பேர். ரயில் முழுவதற்கும் சராசரி போட்டால் எல்லாருக்கும் உட்கார இடம் உண்டு என்றே வரும்! கக்கூஸ் கதவோரம் நின்று ஊருக்குப் போன நமக்கு அந்தச் சராசரியின் லட்சணம் தெரியாதா?

ஆகவே நாட்டின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். கூலி எவ்வளவு, எழுத்தில் உண்டா? சுரங்கத்தில் அடிபட்டால் வைத்தியம் யார் பொறுப்பு? அங்கே சங்கம் வைக்க விடுவார்களா? திரும்பி வர டிக்கெட் யார் கொடுப்பது? இந்தக் கேள்விகளை ஏஜெண்டிடம் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயங்கினால் ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு அழைத்து வாருங்கள். எல்லோரும் சேர்ந்து கேட்போம். பதில் வரும்வரை பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுக்காதீர்கள்.